பெரிய சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகை அடகுக்குப் போய்விடும். அந்தச் செலவில் எது தேவை, எது தேவையில்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் நெஞ்சுவலி, திடீரென முகம் கோணுவது, கைகால் விழுந்துபோவது, மூச்சுத்திணறல், விபத்து என்றால் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கீழே வருவதெல்லாம் சில நாள் பொறுக்கக்கூடிய சிகிச்சைகளுக்கு மட்டும்.

டாக்டரிடம் போனதும் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். "இருமல்" என்றால் மட்டும் போதாது. மண் அரைக்கிறீர்களா, காய்ந்த பொம்மையைத் தேய்த்து மழமழப்பாக்குகிறீர்களா, கிளேஸ் தெளிக்கிறீர்களா, எத்தனை வருஷமாக? பீங்கான் கலவையில் சேரும் குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸை உண்டாக்கும். அது உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் வரும். இது தெரிந்தால் டாக்டர் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று நேராகப் போவார். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சொல்லாமல் விட்டால் இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் மாறி மாறி வாங்கித்தான் காசு கரையும்.

அச்சு தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதா? அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். பெரும்பாலான இடுப்புவலி ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். கால் பலம் குறைந்தால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், கூடவே காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால் தாமதிக்காதீர்கள். அதேபோல, வாயால் குடிக்க முடிகிற காய்ச்சல்காரருக்குப் பொதுவாகக் குளுக்கோஸ் ஏற்றத் தேவையில்லை. "ஒரு பாட்டில் ஏத்துங்க சார்" என்று நாமே கேட்பதை நிறுத்த வேண்டும்.

ஆபரேஷன் என்று சொன்னால் இப்படிக் கேளுங்கள்: "சார், இதைவிடச் சின்ன வைத்தியம் இருக்கா? ஒரு மாசம் பொறுத்தா என்ன ஆகும்? இதுல என்ன ஆபத்து?" பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

ஸ்டென்ட் விஷயத்தில் இது மிக முக்கியம். மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும். நடந்தால் மட்டும் நெஞ்சு வலித்து, நின்றால் அடங்குகிற நிலையான இதயநோய்க்குக் கதை வேறு. 2019-இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வில், அத்தகையவர்களுக்கு ஸ்டென்டும் பைபாஸும் மருந்தைவிட மரணத்தைக் குறைக்கவில்லை. இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே "எந்தக் குழாயில் அடைப்பு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ரிப்போர்ட்டுகளின் நகலை வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அதோடு சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

"காப்பீட்டுல வந்துடும், பண்ணிக்கலாம்" என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். தேவையில்லாமல் எடுத்தது, தேவைப்படும்போது குறையும். அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993-க்குப் பேசுங்கள்; கட்டணமில்லா எண்.