ஓ-பேராகப் போக நினைக்கும் ஆலங்குளத்துப் பெண்ணுக்கு



ஆலங்குளத்துப் பக்கம் ஒரு பெண்பிள்ளை வேலைக்குப் போகிறாள் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலை, மில் என்றுதான் ஊர் நினைக்கும். நீ ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே மொழி படிக்கும் ஓ-பேர் (au pair) பெண்ணாகப் போகிறேன் என்கிறாய். நல்ல ஆசை. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்.

ஓ-பேர் பெண்ணின் நாள் விடியலில் தொடங்கும். பிள்ளைகளை எழுப்பி, ரொட்டியும் பாலும் கொடுத்து, எட்டு மணிக்குள் பள்ளியிலோ கிண்டர்கார்டனிலோ விட வேண்டும். பிறகு அவர்களின் துணியைத் துவைத்து மடிப்பது, அறையை ஒழுங்கு செய்வது. பகலில் மொழி வகுப்பு. பிள்ளைகள் திரும்பியதும் விளையாட்டு, பூங்கா. இரவில் பல வீடுகளில் அடுப்பே எரியாது; ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காயோடு சாப்பாடு முடிந்துவிடும். டிசம்பரில் மாலை நாலு, நாலரைக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் குளிர்காலம்தான் கடினம்.

ஓ-பேர் பெண்களுக்காக ஜெர்மனி வகுத்திருக்கும் அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள். வேலை நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம். அதற்கு மேல் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு. தனக்கென ஓர் அறை. ஓர் ஆண்டு தங்கினால் 4 வாரம் விடுமுறை. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ வரை உதவி. மருத்துவக் காப்பீட்டுக்கான பணத்தை அந்தக் குடும்பமே கட்ட வேண்டும். வயது 27க்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் ஓர் ஆண்டுதான்.

280 யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் பெரிதாகத் தெரியும். ஆனால் அது சம்பளம் அல்ல. பஸ், போன், குளிருக்கு ஒரு கோட்டு என்று அங்கேயே கரைந்துவிடும். பயராபீஸில் குரோஸ் கணக்கில் கூலி வாங்கி உன்னைப் படிக்கவைத்த அம்மா, மாதாமாதம் பணம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. கடனை அடைக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு இது ஏற்ற வழியல்ல. இதைப் புறப்படும் முன்பே வீட்டில் சொல்லிவிடு.

அளவு எழுதப்படாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஆயாக்கள் பலர், லண்டனில் இறங்கியதும் திரும்பிவரப் பயணச்சீட்டு இல்லாமல் கைவிடப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே ஹாக்னி பகுதியில் அடைக்கலம் தந்த ஆயா இல்லத்துக்கு 2022ல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். நம் காலத்திலும் ஓ-பேர் பெண்கள் சுரண்டப்படுவதாகப் புகார்கள் வந்ததால் பிலிப்பைன்ஸ் 1998ல் தன் பெண்களை அனுப்புவதையே நிறுத்திவைத்தது. குவைத்தில் வீட்டுவேலை செய்பவர்களுக்காக 2015ல் வந்த சட்டம்கூட நாளைக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கிறது. ஆறு மணி நேரத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஓ-பேருக்கும் வீட்டுவேலைக்கும் உள்ள இடைவெளி.

ஆகவே, ஜெர்மனியில் முதியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீடு முழுவதும் சமைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது ஓ-பேர் அல்ல. அங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்று, வீட்டில் தமிழே பேசிக்கொண்டு, உன்னை ஓ-பேராக அழைக்கவும் முடியாது. ஜெர்மன் பேசும் வீடாக இருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொரு செய்தி. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதைச் சலுகையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உன் ஒப்பந்தத்தை நம் அரசு அலுவலகம் எதுவும் முன்கூட்டிப் பார்க்காது என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. பார்க்க வேண்டியவள் நீதான்.

விசாவுக்கு ஏ1 அளவு ஜெர்மன் கட்டாயம். சென்னையில் கோதே இன்ஸ்டிடியூட், அதாவது மாக்ஸ் முல்லர் பவன், அந்தத் தேர்வை நடத்துகிறது. எந்த ஏஜென்டிடமும் பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தேர்வில் தேறு. வேலை நேரம், விடுப்பு, அறை, கைச்செலவு நான்கும் எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. போய்ச் சேர்ந்த பிறகு பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்துவைக்காதே, தாயி.