கொலோசேயம் நம்மிடம் கேட்கும் கேள்வி



நம் நாட்டவர் பல்லாயிரம் பேர் இன்று இத்தாலியில் தொழில் செய்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் படங்களில், பாதி இடிந்த ஒரு பெரும் கல் கட்டடத்தின் முன்னே நிற்பது போன்ற படம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மடுல்கெல்ல தோட்டத்து வீடொன்றுக்கும் அப்படி ஒரு படம் வந்திருக்கலாம். அதுதான் உரோமாபுரியின் கொலோசேயம். யாத்திரையாக அங்கே போக வாய்ப்புக் கிடைத்தவர்களும், படத்தில் மட்டும் காண்பவர்களும் அதன் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

வெஸ்பாசியன் என்ற பேரரசன் கி.பி. 72ஆம் ஆண்டளவில் இதைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் தீத்துஸ் 80ஆம் ஆண்டில் இதைத் திறந்து வைத்து, 100 நாள் விழா எடுத்தான். 70ஆம் ஆண்டில் எருசலேம் ஆலயத்தை அழித்துக் கொள்ளையிட்ட செல்வம் இதன் செலவுக்கு உதவியது. எருசலேமின் குத்துவிளக்கை வீரர் தூக்கிச் செல்லும் காட்சியை, அருகிலுள்ள தீத்துஸின் வளைவில் இன்றும் காணலாம்.

கட்டடம் நீள்வட்ட வடிவானது. நீளம் 188 மீற்றர், அகலம் 156 மீற்றர், உயரம் ஏறக்குறைய 48 மீற்றர். சுமார் 50,000 பேர் அமரலாம். 80 வாயில்கள் இருந்தன. சில வாயில்களின் மேல் செதுக்கிய உரோமை எண்கள் இன்னும் அழியவில்லை. மக்களுக்கு அனுமதி இலவசம். ஆனால் அமரும் இடம் அந்தஸ்தின்படியே. முன் வரிசையில் செனற்றர்கள். உச்சியில் ஏழைகளும் பெண்களும். நடுவில் மணல் பரப்பிய களம். அதன் கீழே, விலங்குகளும் மனிதரும் காத்துக் கிடந்த இருண்ட நிலவறைகள். களத்தில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், போர்க் கைதிகள், தண்டனை பெற்றவர்கள்.

நீரோ மன்னன் 64ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்களைக் கொன்றது இங்கேதான் என்று பலர் எண்ணுகின்றனர். அப்போது இந்தக் கட்டடமே இல்லை. அந்தக் கொலைகள் வத்திக்கான் பக்கத்தில், நீரோவின் தோட்டத்தில் நடந்தன. அந்தியோக்கியாவின் புனித இஞ்ஞாசியார் கொலோசேயத்தில் உயிர் துறந்தார் என்பது மரபு. 1750இல் புனித லெயோனார்து இங்கே சிலுவைப் பாதை நிலைகளை நிறுவினார். 1964இல் ஆறாம் பவுல் பாப்பரசர் பெரிய வெள்ளிச் சிலுவைப் பாதையை இங்கே நடத்தினார். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. இங்கே மடிந்த பெயர் தெரியாத அடிமையும் இறைவனின் சாயலே. அவனுக்காகவும் இங்கே செபிப்பது தகும்.

இந்த இடத்தின் பாடம் களத்தைவிட இருக்கைகளில்தான் அதிகம். களத்தில் வாளை ஓங்கியவர்கள் சிலர். பார்த்து ஆர்ப்பரித்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் தமது நூலில் எழுதியிருக்கிறார். அவர் நண்பர் அலீப்பியுஸ், உரோமையில் சட்டம் படித்தவர். தோழர்கள் அவரை வற்புறுத்தி இழுத்துச் சென்றனர். "என் உடல் அங்கிருக்கும், மனம் இருக்காது" என்ற உறுதியோடு கண்களை மூடி அமர்ந்தார். காதுகளை மூட மறந்தார். ஒரு வீரன் விழ, கூட்டம் அலற, கண் திறந்தார். அவ்வளவுதான். பிறகு தாமே வந்தார், பிறரையும் அழைத்து வந்தார். பின்னாளில் மனம் திரும்பி ஆயரானார். திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகிறது.

இன்னொருவர் தெலெமாக்குஸ் என்ற துறவி. கீழைத் தேசத்திலிருந்து உரோமைக்கு வந்தவர். ஐந்தாம் நூற்றாண்டின் ஆயர் தியோதொரேத் இவரைப் பற்றிக் கூறுகிறார். வீரர்கள் பொருதிக்கொண்டிருக்க, இவர் களத்தில் இறங்கித் தடுத்தார். சினமுற்ற பார்வையாளர்களே கல்லெறிந்து அவரைக் கொன்றார்கள். இதைக் கேட்டபின் ஹொனோரியுஸ் மன்னன் அந்தக் கொலை விளையாட்டை நிறுத்தினான். இது 404ஆம் ஆண்டளவில் நடந்தது என்பர்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட வேளைகள் வந்தன. 1977இலும் 1983இலும் கலவரம் மூண்டபோது, வீடுகள் எரிவதைப் பார்த்து நின்றவர்கள் இருந்தார்கள். கதவைத் திறந்து அயலவருக்கு அடைக்கலம் கொடுத்த சிங்களச் சகோதரரும் இருந்தார்கள். அவர்களால் உயிர் தப்பியவர்கள் மலையகத்தில் எத்தனையோ பேர். வாசகரே, அந்த வரலாறு உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்று வீதியில் ஒருவன் அடிபடும்போது, கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுப்பவர் பலர். லயத்தில் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம் கேட்டும், "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று இருந்துவிடுகிறோம். குடித்தவனை ஏவிவிட்டுச் சண்டை பார்த்துச் சிரிக்கிறோம். ஒவ்வொன்றும் அரங்கின் ஓர் இருக்கைதான். பார்ப்பவர் இல்லாவிட்டால் காட்சி நீடிக்காது.

குடும்பமாகச் சிந்திக்க: (1) கடைசியாக நாம் வேடிக்கை பார்த்து நின்ற துன்பம் எது? (2) அன்று எழுந்து போய்ச் செய்திருக்கக்கூடிய சிறு உதவி என்ன? (3) அதை இந்த வாரம் யாருக்குச் செய்யலாம்?

இரவு செபமாலைக்குப் பின் ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். பிள்ளைகள் சொல்வதையும் பொறுமையாய்க் கேளுங்கள்.