அண்டை வீடு பெரியது, நம் குழாய் சின்னது

இந்த மாதப் பாடம் அரசியல் மாதிரி தெரியலாம். ஆனா அது தண்ணீர்க் குழாயிலிருந்துதான் தொடங்குது.

பலமான அண்டை நாட்டோடு ஒரு சிறிய நாடு எப்படி வாழ்வது? அடங்கிப் போவதா, முறைத்துக்கொள்வதா? சிங்கப்பூர், மலேசியா தண்ணீர் உறவு வேறொரு வழியைக் காட்டுகிறது.

1965-இல் தனி நாடானபோது சிங்கப்பூர் ஜோகூர்த் தண்ணீரைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942 போரில் கடற்பாலம் தகர்க்கப்பட்டபோது அதன்மேல் சென்ற தண்ணீர்க் குழாயும் உடைந்தது. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

1. எழுத்தில் இருக்கட்டும்

1962 ஒப்பந்தப்படி, ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். 1,000 கேலனுக்கு விலை 3 சென். 1965 பிரிவினை ஒப்பந்தம் இதற்கு உத்தரவாதம் தந்தது. அது ஐ.நா.விலும் பதிவானது. விலை ரொம்பக் குறைவு என்கிறது மலேசியா. அதை மாற்றும் காலம் 1987-லேயே முடிந்துவிட்டது என்கிறது சிங்கப்பூர். வாக்குவாதம் இன்னும் ஓயல. ஆனாலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கு.

2. சொந்தக் காலும் வேணும்

ஒரே குழாயை நம்பி எந்த அமைப்பையும் வடிவமைக்கக் கூடாது. எங்க பொறியியல் வகுப்பில் இது பாலபாடம். சிங்கப்பூர் அதைத்தான் செய்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து 2003-இல் ‘நியூவாட்டர்’ வந்தது. 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008-இல் மரினா அணை. அதனால்தான் 1961 ஒப்பந்தம் 2011-இல் முடிந்தபோது, நீர் ஆலைகளை ஜோகூரிடம் அமைதியாக ஒப்படைக்க முடிந்தது.

3. அவங்களுக்கும் பலன் இருக்கட்டும்

சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை 1,000 கேலன் 50 சென்னுக்கு ஜோகூர் திரும்ப வாங்குகிறது. வறட்சியிலும் ஜோகூர் ஆற்றில் நீர் இருக்க, சிங்கப்பூர் தன் செலவில் லிங்கியு அணையைக் கட்டியது. இரண்டு வீட்டுக்கும் பயன்படும் குழாயை யாரும் எளிதில் மூட மாட்டாங்க.

திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தை எடுத்துப் படிங்க. இறங்கப்போகும் செயல், நாம், எதிரே நிற்பவர், துணைக்கு வருபவர் என எல்லார் பலத்தையும் எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். தன் பலத்தைக் கூட்டிச் சொன்னாலும் ஆபத்து, குறைத்து நினைத்தாலும் ஆபத்து. சிறியவருக்குப் பணிவு வேணும். ஆனா கையேந்தும் நிலை வரக் கூடாது.

1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அப்போ நம்மில் பலர் அறுபதை நெருங்கியிருப்போம். பேச்சுவார்த்தை மேசையின் இரண்டு பக்கமும் உட்காரப்போவது நம்ம தலைமுறைதான்.

கலந்துரையாட:

• 3 சென் விலை இன்றும் நியாயமா? முதலில் எதிர்த்தரப்புக்காக வாதாடிப் பாருங்க.
• வீட்டிலோ வேலையிலோ நம்மைவிடப் பலமானவரிடம் இந்த மூன்றில் எதை நாம் மறந்துவிடுகிறோம்?