கதவைத் தட்டும் தருமம்



ஞாயிறு பூசை முடிந்ததும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் ஏதோ கொஞ்சம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அந்தக் காசு யார் வீட்டுக்கு, எவ்விதமாய்ப் போய்ச் சேருகிறது? இந்த வாரம் அதை அறிந்துகொள்வோம்.

1617-ம் ஆண்டு அர்ச். வின்சென்ட், பிரான்சு தேசத்தில் ஷாத்தியோன் என்னும் ஊரில் பங்குக் குருவாயிருந்தார். ஒரு குடும்பம் முழுவதும் நோயில் விழுந்து, உதவுவாரின்றிக் கிடக்கிறதென்று ஒருநாள் செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதைச் சொன்னார். அன்றே ஊரார் கூட்டங்கூட்டமாய் உணவு சுமந்து போனார்கள். அர்ச்சியசிஷ்டவர் சந்தோஷப்பட்டார், யோசிக்கவும் செய்தார். இன்று வந்தது மிஞ்சிக் கெட்டுப்போகும். நாளைக்கு என்ன செய்வார்கள்? இவர்களிடம் இரக்கம் உண்டு, ஒழுங்கு இல்லையே என்று கண்டு, முறை வைத்து உதவி செய்யும்படி பெண்களை ஒரு சங்கமாய்ச் சேர்த்தார்.

பின்பு 1833-ல், பாரீஸ் நகரில், இருபது வயது மாணவர் பிரெடரிக் ஓசானாமும் அவர் தோழர்களும் அதே அர்ச்சியசிஷ்டவரைப் பாதுகாவலராகக் கொண்ட சபையைத் தொடங்கினார்கள். இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விசுவாசமில்லாதோர் கேட்டது அவர் நெஞ்சில் தைத்தது. ஏழைகளின் வீட்டைச் சந்திக்கும் விதத்தை ரொசாலி என்னும் கன்னிகை அவர்களுக்குக் கற்பித்தார். ஓசானாமுக்கு 1997-லும், ரொசாலி அம்மாளுக்கு 2003-லும் திருச்சபை முத்திப்பேறு பட்டம் அளித்தது.

சபை நடக்கும் விதம் எளிது. அங்கத்தினர் கூடி ஜெபிக்கிறார்கள். ஒரு பை கைமாறிச் சுற்றி வருகிறது. யார் எவ்வளவு போட்டார் என்பது ஒருவருக்கும் தெரியாது. பிறகு இருவர் இருவராய் வீடுகளுக்குப் போகிறார்கள். பார்த்ததைச் சபையில் சொல்லி, உதவியைத் தீர்மானிக்கிறார்கள். வெளியே பெயர் சொல்வதில்லை.

வீட்டுக்கே போக வேண்டியது ஏன்? இதை நான் தவறு செய்துதான் கற்றேன். முன்பு நான் இருந்த ஒரு பங்கில், கிறிஸ்துமஸ் சமயம், அரிசி பெறுவோர் பெயர்களைக் கோவிலில் உரக்க வாசித்தேன். ஒரு விதவைத் தாய் எழுந்து வரவில்லை. அவள் மகள் பள்ளித் தோழிகளின் நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அதன்பின் பல மாதம் அவர்களைப் பூசையில் காணோம். அரிசி கொடுப்பதாய் எண்ணி அவமானத்தைக் கொடுத்துவிட்டேன்.

சபையார் இருவர் அந்த வீட்டுக்குப் போனார்கள். பாயில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, பேசிவிட்டு வந்தார்கள். மூன்றாம் முறை போனபோதுதான் அந்தத் தாய் வாய் திறந்தாள். அவளுடைய கஷ்டம் அரிசி அல்லவே! தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைக்காரருக்கு ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. கணவன் வைத்தியத்துக்கு வாங்கிய கடனின் வட்டியும், மூன்று மாத வாடகைப் பாக்கியுமே அவளை நெருக்கின. சபை வாடகைப் பாக்கியைத் தீர்த்து, மகளின் பள்ளிச் செலவையும் ஏற்றது. நானும் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு இருவரும் பூசைக்கு வந்தார்கள்.

வினா: பொய் சொல்லி வாங்குவோர் இல்லையா?
விடை: உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவரை ஏமாற்றுவது அரிது. ஒருவன் ஏமாற்றினான் என்று பத்துக் குடும்பங்களைக் கைவிடுவது நியாயமாகாது.

வினா: பிற மதத்தாருக்கும் உதவலாமா?
விடை: ஆம். சபை அந்த வேற்றுமை பாராட்டுவதில்லை. நல்ல சமாரித்தன், அடிபட்டுக் கிடந்தவனை எந்த ஜாதி என்று கேட்கவில்லை.

இந்த வாரம் செய்யவேண்டியவை:

1. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கலயத்தில் ஒதுக்கி வைப்பார்கள். நீங்கள் தினம் ஒரு தேநீர்க் காசை ஒதுக்குங்கள். பிள்ளைகள் கையால் போடச் செய்யுங்கள்.

2. உங்கள் தெருவில் கஷ்டப்படும் வீடு இருந்தால், சபைத் தலைவரிடமோ என்னிடமோ தனியே சொல்லுங்கள். வேறொருவரிடமும் சொல்லாதீர்கள்.

3. மாதம் இரண்டு மாலை நேரம் தரக்கூடியவர்கள் சபையில் சேருங்கள். காசைவிட ஆட்களே குறைவு.

கடைசியாக ஒரு வார்த்தை. இதை வாசிக்கும் குடும்பங்களில் சில, கொடுக்கும் நிலையில் இல்லாமல் பெறும் நிலையில் இருக்கலாம். வெட்கப்படாதீர்கள். சேசுநாதர் மாட்டுக் கொட்டிலில் பிறந்தார். இரவல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். வாங்குவது அவருக்கு இழிவாயிருக்கவில்லை. சபையார் உங்கள் கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள். அவர்கள் வாங்கிக்கொள்ள வருவதும் ஒன்று உண்டு: உங்கள் ஜெபம்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு