டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கும் ஒன்று

நாகர்கோவிலில் மனநலப் பேச்சு எடுத்தால் திருவனந்தபுரம் ஊளம்பாறையின் பெயர் வராமல் போகாது. 1956 நவம்பர் 1 வரை நம் ஊர் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தது. எல்லை மாறியும் ஊளம்பாறையிலுள்ள பழைய மனநல மருத்துவமனை மீதான பயம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. தூக்கமில்லை, பசியில்லை என்றெல்லாம் டாக்டரிடம் சொல்கிறவர்கள், சாக வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: "அதச் சொன்னா அப்பவே பிடிச்சு உள்ள போட்டிருவாவ."

உண்மை: எண்ணம் வந்துபோகிறது என்பதற்காக மட்டும் யாரையும் அப்படி அடைத்துவிட முடியாது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவரைச் சம்மதமின்றிச் சேர்க்க அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து, ஆபத்து கடுமையானது, வேறு வழியில்லை என்று முடிவு செய்ய வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். அந்த வாரியத்திடம் நோயாளியும் முறையிடலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். உயிரை விடுவதற்கு நாளும் வழியும் குறித்து வைத்திருப்பவரை, சில நாள் மருத்துவமனையில் இருக்கும்படி டாக்டர் சொல்லக்கூடும். ஆனால் பெரும்பாலானோர் அந்த நிலையில் இல்லை. அவர்களிடம் டாக்டர் செய்வது வேறு: அடுத்த சந்திப்பைச் சீக்கிரம் வைப்பார், ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை தருவார், அதையும் வீட்டார் கையில் கொடுப்பார், வாழைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கச் சொல்வார். அந்த எண்ணத்தை மறைத்தால் இவற்றில் ஒன்றும் நடக்காது. ஒரு மாத மாத்திரை மொத்தமாகக் கைக்கு வந்துவிடும். குடியை மறைத்தாலும், இடையிடையே வரும் அளவுமீறிய உற்சாகத்தை மறைத்தாலும் மருந்தே தவறாகிவிடக்கூடும். மனச்சோர்வும் அந்த உற்சாகமும் மாறிமாறி வரும் இருதுருவ நோய் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அது வெறிநிலையைத் தூண்டிவிடக்கூடும்.

நம்பிக்கை: "சங்கிலில கட்டுவாவ, ஷாக் குடுப்பாவ."

உண்மை: சங்கிலி என்றால் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும்: 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அது மருத்துவமனை அல்ல, தர்கா அருகே நடந்த தனியார் விடுதி. சங்கிலியில் கட்டுவதை மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்துள்ளது. மயக்கமருந்து இல்லாமல் மின்சிகிச்சை தருவதற்கும் தடை.

நம்பிக்கை: "போலீஸ் கேஸ் ஆயிரும், ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும்."

உண்மை: எண்ணத்தைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமில்லை. தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்கக்கூடாது என்கிறது இதே சட்டத்தின் 115ஆம் பிரிவு. நீங்கள் சொன்னதை இரகசியமாக வைக்க வேண்டியது டாக்டரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. கூட வந்த சித்தப்பா முன்னால் பேச முடியாவிட்டால், அவரை வெளியே இருக்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

பயம் விடவில்லையா? "இதைச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று முதலில் கேளுங்கள், பதிலைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இன்றிரவு அந்த எண்ணம் வலுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.