பழைய பிக்கப் வண்டிக்கேற்ற எஞ்சினும் கியர்ப்பெட்டியும்



பறித்த மரக்கறி வாடுமுன் சந்தையை அடைதல் வேண்டும். ஆகவே வண்டியும் உங்கள் கமத்தொழிற் கருவிகளுள் ஒன்றாகும். பழைய பிக்கப்பின் எஞ்சினை மாற்ற எண்ணுவோர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. எஞ்சினின் வலு: நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ளது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழக்கும். கொழும்பில் நன்கு ஓடிய எஞ்சின் றம்பொடை ஏற்றத்தில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2. இனம்: டொயோட்டா ஹைலக்ஸின் 2எல் (2,446 க.செ.மீ.), 3எல் (2,779), 5எல் (2,986) டீசல் எஞ்சின்கள் ஒரே குடும்பத்தவை. வேறின எஞ்சினைப் பொருத்துவதிலும் இவற்றுள் ஒன்றைப் பொருத்துவது எளிது, செலவும் குறையும்.

3. சோதனை: எஞ்சின் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் இயக்கிப் பாருங்கள். எண்ணெய் மூடியைத் திறந்ததும் புகை பலமாக வெளிப்படின் வாங்காதீர்கள்.

4. கியர்ப்பெட்டி: ஐந்தாங் கியர் சமவெளிக்கே பயன்படும், மலைக்கு முதலிரு கியர்களின் இழுவையே முக்கியம். இறக்கத்தில் தானே கழலும் கியர் உயிருக்கு ஆபத்தாகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிறேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடியிழக்கும்.

5. பதிவு: எஞ்சின் இலக்கம் மாறியதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதிவு செய்தல் அவசியம்.

பாரம் ஏற்றுமுன் வண்டியின் பிறேக்கையும் சோதியுங்கள். ஏறும் வலுவினும் இறங்கும் பாதுகாப்பே பெரிது.