டிராகனைக் களத்தில் இறக்குவது எப்படி?

1995-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 9-வது ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றார் விஸ்வநாதன் ஆனந்த். அடுத்ததை வென்று சமன் செய்த காஸ்பரோவ், 11-வது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு சிசிலியன் டிராகன் தற்காப்பை எடுத்தார், வென்றார். 13-வதிலும் அதே தற்காப்பு, அதே முடிவு. பட்டம் 10.5–7.5 என்று அவரிடமே நின்றது.

ஆனந்தையே திணறடித்த இந்தத் தற்காப்பை, மலேசியாவின் ரந்தாவ் தோட்டப்புறத்திலிருந்து சிரம்பானுக்குப் போட்டிக்குப் போகும் பள்ளி மாணவர்களும் கற்கலாம். மனப்பாடம் மட்டும் கைகொடுக்காது.

முதலில் வரிசை. வெள்ளையின் இ4-க்குச் சி5. குதிரை எஃப்3 வந்தால் டி6. டி4-க்கு வரும் சிப்பாயை வெட்ட வேண்டும். குதிரை திருப்பி வெட்டியதும் கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளையின் இன்னொரு குதிரை சி3 வர, ஜி6. அடுத்து ஜி7-ல் அமரும் மந்திரிதான் இந்தத் தற்காப்பின் உயிர்.

இங்கேயே ஒரு குழி இருக்கிறது. ஆறாவது நகர்வில் வெள்ளை மந்திரி இ3-ல் நின்றால், அதை விரட்டக் குதிரையை ஜி4-க்கு அனுப்பத் தோன்றும். அனுப்பவே கூடாது! பி5-லிருந்து இன்னொரு மந்திரி செக் வைக்கும். கறுப்பு மந்திரி டி7-ல் குறுக்கே நின்றால், ராஜாவைக் காக்க வேண்டியிருப்பதால் அதனால் ஜி4-ஐக் காக்க முடியாது. ராணி அந்தக் குதிரையைச் சும்மா அள்ளிக்கொள்ளும். சி6-ல் குதிரையால் மறைத்தாலும் நஷ்டம்தான்.

பிறகு எதிரியின் திட்டம். யுகோஸ்லாவ் தாக்குதலில் வெள்ளை எஃப்3, ராணி டி2 என்று ஆடி, ராணி பக்கம் கோட்டை கட்டி, எச் சிப்பாயை ஓட்டிவரும். மந்திரியை எச்6-ல் வைத்து ஜி7 மந்திரியை வெட்டப் பார்க்கும். கறுப்போ ராஜா பக்கம் கோட்டை கட்டியிருக்கும். ராஜாக்கள் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் ஒரு நகர்வு வீணானாலும் ஆட்டம் போய்விடும். கறுப்பு யானையைச் சி8-ல் நிறுத்தி, ராணி பக்கக் குதிரையை இ5 வழியாகச் சி4-க்குக் கொண்டுபோக வேண்டும். எச்4-க்கு எச்5 நல்ல தடுப்பு.

பயிற்சியில் முதலில் வெள்ளைப் பக்கம் ஆடிப் பார்ப்பது நல்லது. எங்கே வலிக்கும் என்று அப்போதுதான் தெரியும். பிறகு காஸ்பரோவின் அந்த இரண்டு ஆட்டங்களையும் பலகையில் வைத்து நகர்த்திப் பார்க்கலாம்.

சமயம் வாய்க்கும்போது சி8 யானையைக் கொடுத்துச் சி3 குதிரையை வெட்டி, வெள்ளை ராஜாவின் வேலியைப் பிரிப்பது டிராகனின் பழகிய அடி. அதற்குத் துணியாத மாணவர் இதை இப்போதைக்குப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம்.